காளியம்மா வழுக்கி விழுந்த வழக்கு

"எங்க விழுந்தீங்களோ அங்கயே திரும்பப் போய்ப் படுங்க மா. படம் எடுக்கணும்."

தினேஸ்வரி அலுவலகத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள். அவளுடைய அம்மா காளியம்மா படுக்கிற நிலையில் இல்லை. புந்தோங் மினி மார்க்கெட்டில், காசாளருடைய நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். வீங்கிய வலது மணிக்கட்டின்மேல் உறைந்த மீன் உருண்டைப் பொட்டலம். இடது கையில் சூடான மைலோ பானம்.

"படமெல்லாம் வேணாம் லா. வெங்காயம் வாங்க வந்தேன், வழுக்கிருச்சு. புள்ளைங்க ஓடியாந்து தூக்குச்சுங்க. நல்லா இருக்கணும்."

"வழுக்கி விட்டதுக்கு வாழ்த்து வேறயா?"

இரண்டாம் வரிசையில் பாக்கெட் எண்ணெய் ஒன்று ஓட்டையாகித் தரையெல்லாம் ஒழுகியிருந்தது. அதன்மேல் யாரோ ஈர மாப்பைப் போட்டு இழுத்து, நாலு அலமாரி தூரத்துக்குப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். தினேஸ்வரி செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தாள். தானும் விழப் போய் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"எண்ணெய்ல தண்ணி மாப்பு போட்ட முட்டாள் யாரு? மரத்தூள் போடணும்னு தெரியாதா?"

காளியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முட்டாள்னு சொல்லாத. மரத்தூள் தீந்துபோச்சு. கேட்டுக் கேட்டும் யாரும் வாங்கித் தரல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குமுதா சொன்னா."

கல்லாவில் நின்ற குமுதா, தான் சொன்னதாக அவசரமாகத் தலையாட்டினாள்.

கடை மேலாளர் பவித்ரன் தன் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப் போனான். எலும்பில் கீறல். மாவுக்கட்டு போட்டார்கள்.

அந்தக் கட்டைப் பார்க்கப் பார்க்கத் தினேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை அது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்த பிறகு, ஈப்போவில் வீடு வீடாகப் பாத்திரம் கழுவிய கை. அந்தக் கைதான் அவளைத் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகம் வரை அனுப்பிப் பட்டம் வாங்க வைத்தது. முதல் சம்பளம் வந்த அன்றே அம்மாவை வேலையை விடச் செய்தாள், சண்டை போட்டுத்தான். நன்றியை அவளுக்கு அதட்டித்தான் சொல்லத் தெரியும்.

மறுநாள் பவித்ரன் பெரிய கூடையில் ஓட்ஸ், பிஸ்கட், பால் டின் எல்லாம் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"இத வாங்கிக்கிட்டா கேஸ் முடிஞ்சுதும்பீங்க. எடுத்துட்டுப் போங்க," என்று தினேஸ்வரி கதவைச் சாத்தினாள்.

கூடை திரும்பிப் போனதைப் பார்த்துக் காளியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மகள் வேலைக்குப் போனதும் ஒற்றைக் கையால் வடை சுட்டுக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். ஊழியர்கள் வரிசையாக நின்று வடை தின்னும் படத்தைக் குமுதா, 'காளியம்மா ஆன்ட்டி சுட்ட வடை' என்று பேஸ்புக்கில் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் அது தினேஸ்வரியின் கண்ணிலேயே பட்டது.

"கை ஆட்டக்கூட முடியலன்னு நான் சொல்லிட்டு இருக்கேன். அங்க வடை சாட்சி சொல்லுது மா."

"என்னையத் தூக்குனதுல பவித்ரனுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சாம். பாவமில்ல?"

"இன்னும் கொஞ்சம் விட்டா நீங்க அவனுக்கு நஷ்டஈடு குடுப்பீங்க."

தினேஸ்வரி நேரே கடைக்குப் போய் வக்கீல் கடிதம் வரும் என்று மிரட்டினாள். பவித்ரன் மறு பேச்சில்லாமல் நஷ்டஈட்டுக்குச் சம்மதித்துவிட்டான். அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சண்டை போடாமல் காசு தருகிற கடையை அவள் பார்த்ததே இல்லை.

"மாப்பு போட்ட அந்தக் கிளீனர் பேரு என்ன?"

"அத மட்டும் கேக்காதீங்க அக்கா."

"பெர்மிட் இல்லாத ஆளா? இமிகிரேசனுக்குப் போன் போடவா?"

"ஐயோ, உள்ளூர் ஆளுதான். ஐ.சி. கார்டெல்லாம் இருக்கு."

"அப்ப வேலைய விட்டுத் தூக்குங்க. இல்ல, கோர்ட்ல பாப்போம்."

விஷயத்தைக் கேட்ட காளியம்மா அன்று சாப்பிட உட்காரவே இல்லை.

"வயித்துல அடிக்காத தினேசு. வயசான பொம்பள. அந்த வேலயாலதான் அது நாலு மனுஷங்க முகத்தப் பாக்குது. படிச்ச மக வேற இருக்கு."

"படிச்ச மகளா? பெத்தவள மாப்பு போட அனுப்பிட்டு அவ என்னத்தப் படிச்சா? வெக்கங்கெட்டவ."

"அவள ஒண்ணும் சொல்லாத. தங்கமான புள்ள. கொஞ்சம் கோவக்காரி, அவ்வளவுதான்."

அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் தினேஸ்வரிக்கு உள்ளே ஏதோ இளகியது. முகம் தெரியாத ஒருத்தியின் சோற்றுக்காகத் தன் சோற்றைத் தள்ளி வைக்கிற மனுஷி இவள். இவளுக்கு மகளாகப் பிறந்ததற்கு எந்தச் சாமிக்குக் கும்பிடு போடுவது?

சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பவித்ரன் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து நின்றான்.

"உக்காருங்க. நீங்க எங்கம்மாவத் தூக்கி, கிளினிக்குக் கொண்டு போனீங்க. அதுக்கு நான் நன்றியே சொல்லல. ரொம்ப நன்றி," என்றாள் தினேஸ்வரி. இவ்வளவு தணிந்த குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. "காசு வேணாம். யாரையும் வேலைய விட்டுத் தூக்கவும் வேணாம். அந்தக் கிளீனர் வந்து, எங்கம்மா முகத்தப் பாத்து ஒரு மன்னிப்பு கேட்டாப் போதும்."

பவித்ரன் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தான். காளியம்மா நெத்திலிப் பொட்டலத்தின் விலையைப் படிக்க ஆரம்பித்தாள். குமுதாதான் கல்லாவை மூடிவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

"முகத்தப் பாத்துதான் கேக்கணும்னா முகம் பாக்குற கண்ணாடிதான் எடுத்தாரணும் அக்கா, மாப்பு போட்டதும் ஆன்ட்டிதான், அதுல வழுக்கி விழுந்ததும் ஆன்ட்டிதான்."