பந்து போன பிறகும் விழுத்துகிறார்கள்

மருதமுனை
2013 ஜூன்

அன்பு மச்சான் றஸாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் உங்கள் தங்கச்சி ஹாஜறாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். மகன் அப்ராஸ் இருக்கிறானா என்பதை மட்டும் அறைக் கதவைத் தட்டித்தான் அறிய வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் அவனுக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

காரணம் நீங்கள் அனுப்பிய கொம்பியூட்டரும் எடுத்துக்கொடுத்த வேலையும்தான். அமெரிக்காக்காரர் விளையாடும் புட்போல் கேம் ஒன்றை, கடைக்கு வருமுன் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்கிற வேலை. பெயர்தான் புட்போல், காலால் உதைக்கிறவனைக் காண்பது அரிது. தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் தூரத்தில் ஓடும் தன் ஆளுக்கு எறியப் பார்க்கிறான், அதற்குள் எதிர்ப்பக்கத்து எருமைகள் நாலைந்து பாய்ந்து வந்து அவனை விழுத்த வேண்டும், அந்தப் பாய்ச்சலின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்ப்பதுதான் உங்கள் மருமகனின் உத்தியோகம். சங்கக் கடையில் மனேஜராக இருந்தே காலத்தைக் கழித்த எனக்கு இப்படியொரு உத்தியோகம் இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

போன மாதம் "சாக்! சாக்!" என்று கத்தினான். நெல்லுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வாப்பா, எறியிறவன விழுத்தினா அதுக்குப் பேர்தான் சாக்" என்றான். சாக்கோடு திரும்பி வந்தேன். பிறகு ஒருநாள் "வாறானுகள், வாறானுகள், எறிஞ்சிட்டு ஓடு!" என்று அவன் போட்ட சத்தத்தில், ஓடு மாற்றப் பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த பூபாலசிங்கம் ஏணியிலிருந்து குதித்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் படுத்துவிட்டார். சண்டை முடிந்து நாலு வருசம் மச்சான். "மனேஜர், ஆரு வாற?" என்று படுத்தபடியே கேட்டார். "அமெரிக்காக்காரன்" என்றேன். அதற்குப் பிறகு அவரை எழுப்ப நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

இப்போது கொம்பனிக்காரனும் குறை சொல்கிறான். இவன் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, எருமைகள் எல்லாம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொண்டுபோகிற மாடு மாதிரி நடக்கின்றனவாம். எறிகிறவனை யாராலும் தொட முடியவில்லையாம்.

"ஏன் மகன் இப்பிடிச் செய்ற?" என்று கேட்டேன்.

"பந்து போன பிறகும் வந்து விழுத்துறானுகள் வாப்பா. அதான் பிழை."

"கொம்பனிக்காரன் என்ன சொல்றான்?"

"கைய விட்டுப் போன உடன விழுத்தினா சட்டப்படி சரியாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனுடைய ராத்தா, எங்கள் மூத்தவள் ஸுஹைறாவைச் சுனாமியன்று கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவன் எங்களோடு கதைப்பது குறைவு. இப்போது அதுவும் இல்லை. ஆகவே, இந்த வேலையை நிற்பாட்டச் சொல்லி நீங்களே கொம்பனிக்கு எழுதுங்கள். கத்தாரில் ஏதாவது கடையில் மூட்டை தூக்கவாவது அவனை எடுத்துவிடுங்கள். கொம்பியூட்டரை நான் விற்றுவிடுகிறேன்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
மீராமுகைதீன்

பி.கு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன ஹாஜறா திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் தாயும் மகனும் அழுதுகொண்டிருக்கிறார்கள். கடல் வந்த அன்று நான் வரிப்பத்தான்சேனை வயலில் நின்றது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் இருவரும் வேறு வேறு பக்கமாக ஓடினார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. இன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"ராத்தா என்னத் தூக்கி மதிலுக்கு மேல நிண்ட ஆக்களிட்ட எறிஞ்சா உம்மா. அவங்க புடிச்சிட்டாங்க. நான் திரும்பிப் பாக்கக்குள்ள தண்ணி வந்து அவவ விழுத்திட்டு."

கொம்பனிக்காரன் வேலையை விட்டு நிற்பாட்டினால் நிற்பாட்டட்டும் மச்சான். நானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் இருந்தேன். எருமைகள் புறப்பட்டன.

"இன்னும் கொஞ்சம் குறை மகன்" என்றேன்.