கடைசி ஆணி

சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விப்பா. நம்ம மாநில சுப்ரீம் கோர்ட்ல ஏழு ஜட்ஜு இருக்காங்க. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவ நாமளே ஓட்டுப் போட்டு உக்கார வைக்கிறோம். அதுல ஒருத்தர் பேர் சொல்லுங்க பாப்போம். ஏன் எல்லாரும் ஷூவப் பாக்குறீங்க? ஹைஸ்கூல் ஃபுட்பால் டீம்ல விளையாடவே விளையாடாத பையன் பேரக் கேட்டா, அவன் அத்தை பேரோட சேத்து சொல்வீங்க. சரி விடுங்க.

அந்த ஏழு பேர்ல ஒருத்தர் வெண்டல் ஹோல்கம். தீவனக் கடைக்காரர் மகன். வக்கீலானார், கவுண்டி கோர்ட்ல ஜட்ஜானார், அப்பறம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி இருபத்திநாலு வருஷம் நாற்காலி தேய உக்காந்திருந்தார். அவர் வாழ்க்கையில ஆசைன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஆணி.

கோர்ட் தாழ்வாரத்துல, பதவியில இருக்கும்போதே ஓய்வு பெற்ற ஜட்ஜுங்களோட படமெல்லாம் வரிசையா மாட்டியிருக்கும். எலெக்‌ஷன்ல தோத்தவங்களுக்குப் படம் கிடையாது. அந்தச் சுவத்துல மிச்சம் இருந்தது ஒரே ஒரு காலி ஆணி, தீயணைக்கிற சிலிண்டருக்குப் பக்கத்துல. இனிமே புதுசா ஆணி அடிக்கவும் முடியாது. "இப்பளிங்குச் சுவர் தொன்மைச் சின்னமாகும், இதில் இனி ஓர் ஆணியும் அறையலாகாது"ன்னு தீர்ப்பு சொன்னவரே நம்ம ஹோல்கம்தான். தெனம் காலைல அந்த ஆணி முன்னாடி நின்னு டையை சரி பண்ணிட்டுதான் உள்ள போவார்.

எழுபது வயசானா ஓய்வு. அவருக்கு அப்ப அறுபத்தி ரெண்டு. இன்னும் ஒரு எலெக்‌ஷன் ஜெயிச்சா ஆணி அவருது. எதிர்த்தும் யாரும் நிக்கல. ஆனாலும் மனுஷனுக்கு பயம். ஏன்னா ஓட்டுச் சீட்டுல அவர் பேருக்குக் கீழ ஒரு காலிக் கோடு இருக்கும். புடிச்ச பேர எழுதிக்கலாம்.

ஊர் ஊரா போனார். தீயணைப்பு நிலையத்துல பேன்கேக் விருந்து, சர்ச்சுல சாப்பாடு, சந்தையில பன்னிப் பந்தயம். ஆனா ஜட்ஜா நிக்கிறவரு எதப் பத்தியும் கருத்து சொல்லக் கூடாது, அது விதி. விவசாயி ஒருத்தர் தண்ணி வரியப் பத்திக் கேட்டாரு. "அந்த விஷயம் என் முன்னாடி வழக்கா வரலாம்"னாரு. ஒரு அம்மா பள்ளிக்கூடத்தப் பத்திக் கேட்டாங்க. அதுவும் வரலாம்னாரு. கடைசில பரிமாறுற பொண்ணு, பேன்கேக் மேல ஊத்த இனிப்பு சிரப் வேணுமான்னு கேட்டுச்சு. ரெண்டு நிமிஷம் யோசிச்சிட்டு வெறும் பேன்கேக்க சாப்பிட்டு எழுந்திட்டார்.

அப்பறம்தான் ட்ரிஷா பொக்கார்டுன்னு பிரசார ஆலோசகர் ஒருத்திய வச்சார். அவ ஊரெல்லாம் விசாரிச்சிட்டு வந்தா. நூத்துக்கு மூணு பேருக்கு அவர் பேர் தெரிஞ்சிருந்துச்சாம். அதுல ரெண்டு பேரு அவர குழாய் ரிப்பேர்காரர்னு நெனச்சிட்டு இருந்தாங்களாம்.

"சார், இந்த வருஷம் ஓடுறது மூணே மூணு. துப்பாக்கி, பிக்கப் வண்டி, நாய். இது மூணும் இருந்தா யாரையும் ஜெயிக்க வச்சிரலாம்"னா.

"நான் எழுதின தீர்ப்பு நானூத்திப் பதினாறு இருக்கே?"

"அது வண்டியில ஏறாது சார்."

துப்பாக்கி மச்சானோடது. வண்டி பக்கத்து வீட்டோடது. நாய் வாடகைக்கு. பெட்ரோல் பங்க் வச்சிருக்கிற டுவைட் ஸ்ட்ரங்கோட வேட்டை நாய், பேரு கிரேவி. காது ரெண்டும் தரைய தொடும், கன்னம் தொங்கும், கண்ணுல சோகம். ரெண்டு தரப்பு வாதத்தையும் கேட்டு முடிச்ச மூஞ்சி.

சிக்கல் என்னன்னா, ஹோல்கம்முக்கு நாய் ஆகாது. பக்கத்துல போனா தும்மல். அதனால விளம்பரத்துல அவர் தூரத்துல, வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு புள்ளி மாதிரி நின்னார். திரை முழுக்க கிரேவிதான். பின்னாடி ஒரு கம்பீரமான குரல்: "நேர்மையானவர். பொறுமையானவர். பணத்துக்கு மயங்காதவர்."

எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் காலைல எண்ணிப் பாத்தாங்க. ஹோல்கம்முக்கு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். அந்தக் காலிக் கோட்டுல ஜனங்க பேர் எழுதின கிரேவிக்கு மூணு லட்சம்.

அரசியல் சட்டத்தப் புரட்டுனாங்க. ஜட்ஜுன்னா இந்த மாநிலத்துல குடியிருக்கணும், நல்ல குணம் வேணும், எழுபது ஆனா ஓய்வு பெறணும். மனுஷனா இருக்கணும்னு எங்கயும் எழுதல. எழுதினவங்க, அது தானா புரியும்னு நம்ம மேல நம்பிக்கை வச்சுட்டாங்க.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கே வந்துச்சு. ஆறு ஜட்ஜும் விலகிட்டாங்க. சந்தையில ஆறு பேருமே கிரேவி தலையத் தடவிக் குடுத்திருக்காங்க, அதுக்கு போட்டோவும் இருக்கு. தொடாத ஜட்ஜு ஒருத்தர்தான்.

செக்ரட்டரி லோர்னா கதவ சாத்திட்டு வந்தா. "ஐயா, உங்க கேஸுக்கு நீங்களே தீர்ப்பு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அவங்களுக்கெல்லாம் பாசம் இருக்கு. பாசம் வந்தா நடுநிலை போச்சு. எனக்கு இருக்கிறது தும்மல். தும்மல் பாரபட்சம் பாக்காதும்மா."

"அப்ப நாய் மனுஷன் இல்லன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுதே ஐயா."

"எழுதலாம். மூணு லட்சம் பேர முட்டாள்னு சொன்ன மாதிரி ஆகும். அவங்களுக்கு அடுத்த தடவையும் ஓட்டு இருக்கு."

ஒரு வாரம் மண்டையப் பிச்சுக்கிட்டார். அப்பறம் டுவைட்ட கூண்டுல ஏத்தி நாய்க்கு என்ன வயசுன்னு கேட்டார். பதினொண்ணு. ஹோல்கம் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு.

தீர்ப்பு நாப்பது பக்கம். சாரம் இதுதான்: "நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்பது பொதுமக்கள் அனைவரும் அறிந்த, சாட்சியம் தேவையற்ற உண்மையாகும். ஆகவே மாண்புமிகு நீதிபதி கிரேவி அவர்களுக்கு வயது எழுபத்தேழு. அன்னார் தேர்தலில் முறைப்படி வென்றார். வென்ற கணமே முறைப்படி ஓய்வும் பெற்றார். காலியான இடம் அடுத்து வந்தவரைச் சேரும்."

மூணு லட்சம் பேருக்கும் சந்தோஷம். நாய் ஜெயிச்சதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சே. அன்னைக்கு சாயங்காலமே நம்ம ராய்ஸ் பார்ல மூணு வயசு நாய்க்கெல்லாம் பீர் ஊத்துனாங்க. மூவேழு இருபத்தொண்ணு, சட்டப்படி குடிக்கலாம். ரெண்டரை வயசு பன்னிக்கு டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாமான்னு ஒருத்தர் மனு போட்டிருக்காரு.

நாற்காலி தப்பிச்சுதுன்னு ஹோல்கம் வீட்ல ரெண்டு பேன்கேக்குக்கு சிரப் ஊத்தி சாப்பிட்டார். மறுநாள் லோர்னா ஒரு கடிதத்தோட வந்து நின்னா. உக்காந்துக்கங்க ஐயான்னா. அவர் உக்காந்துதான் இருந்தார்.

தாழ்வாரத்துல படம் மாட்டுற கமிட்டி எழுதியிருந்துச்சு. பதவியில இருக்கும்போதே ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் உருவாகியிருப்பதை, தங்களது மேலான தீர்ப்பின் வாயிலாக அறிந்து மகிழ்கிறோம். ஓவியருக்குச் சொல்லியாயிற்று.

"இன்னொரு ஆணி அடிக்கச் சொல்லும்மா."

"அதுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு ஐயா." யாரோடதுன்னு அவ சொல்லல.

இப்ப தாழ்வாரத்துல சிலிண்டருக்குப் பக்கத்துல கிரேவி தொங்குது, கறுப்பு அங்கியில. அந்த வரிசையிலேயே ஜட்ஜு மாதிரி இருக்கிற ஒரே மூஞ்சி அதுதான்னு பாக்க வர்றவங்க சொல்றாங்க. ஹோல்கம் தெனமும் அதத் தாண்டிதான் போகணும். வெறும் எண்ணெய்ச் சாயம்தான், இருந்தாலும் தும்முறார்.

என்னப்பா, சிரிச்சு முடிச்சாச்சா? ஓட்டுச் சீட்டுல அந்தக் காலிக் கோட்டுல கிரேவின்னு எழுதினவங்க கையத் தூக்குங்க. தூக்குங்கப்பா, நானும் தூக்குறேன். அவர் நல்ல ஜட்ஜா மோசமான ஜட்ஜா, எனக்குத் தெரியாது. அவர் பேரே இந்தக் கதைய சொல்றதுக்காக நேத்துதான் தேடிப் பாத்தேன்.