கடல் குடித்த கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை என்றால் அந்தப் பழைய வண்டிக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. வண்டி வாங்க வந்தவர்கள் பாதி, வண்டியின் முன்ஜென்மம் கேட்க வந்தவர்கள் மீதி. மனுஷனுக்கே முன்ஜென்மம் உண்டா என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் நாலு சக்கரத்துக்கு உண்டு என்று கண்டுபிடித்தாயிற்று. அறிவு எவ்வளவு வேகமாக வளர்கிறது பாருங்கள்!

கண்டுபிடித்தவரை எல்லோரும் 'தொட்டுச்சொல்லி ஐயா' என்பார்கள். நீல அங்கி. வலது கையில் மட்டும் வெள்ளை உறை. கையில் இருக்கும் சக்தி காற்றுப் பட்டால் வீணாகிவிடுமாம். உறையைக் கழற்றுவார், பானெட்டில் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கும். அப்புறம் வண்டியின் கதை பொலபொலவென்று கொட்டும்.

"ஒரே ஆள் ஓட்டின வண்டி. வயசான டாக்டரம்மா. மழையில வெளிய எடுத்ததே இல்ல."

அந்தக் கடையில் நின்ற வண்டிகளில் முக்கால்வாசியை வயசான டாக்டரம்மாக்களே ஓட்டியிருந்தார்கள். எல்லா டாக்டரம்மாவும் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தால் வண்டி வந்த நாட்டில் நோயாளிகளை யார் பார்த்தது என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

கடையில் இருந்ததெல்லாம் கப்பலில் வந்து இறங்கிய வண்டிகள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியவை. ஆனால் மீட்டரைப் பார்த்தால் நேற்றுப் பிறந்தவை. அதெப்படி? ஐயாவிடம் அதற்கும் விளக்கம் இருந்தது.

"கடல் தாண்டும்போது வண்டியோட கர்மமெல்லாம் கரைஞ்சிடும். ஓடின ஓட்டத்தை எல்லாம் கடல் குடிச்சிடும். கரை இறங்கும்போது அது பச்சைக் குழந்தை. பழைய காகிதத்தை மட்டும் தோண்டாதீங்க. தோண்டினா, போன பாவம் திரும்பி வந்து வண்டியில ஏறிக்கும்!"

கூட்டம் 'அடேயப்பா' என்று வாயைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற கடை முதலாளி கைகட்டித் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். காகிதம் கேட்காத வாடிக்கையாளர் கிடைத்தால் யாருக்குத்தான் பக்தி வராது?

அந்தக் கூட்டத்தில் வாயைப் பிளந்தவர்களில் ஒருவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். நல்ல மனுஷர். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, எள்ளளவு சக்கரத்தில் இருக்கும் தூசியைக் கண்டுபிடித்துவிடுவார். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்கும் யானையும் தெரியாது.

அவருக்கு வண்டி ஆசைக்கு அல்ல, மகளுக்கு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். கால் நடக்க வராது, சக்கர நாற்காலி. தினமும் அவளைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றி, நாற்காலியை மடக்கி ஏற்றி, இறக்கி, மறுபடி தூக்கி... போன மாதம் படியில் அவர் கால் வழுக்கிவிட்டது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி மகள், "அப்பா, நான் படிச்சது போதும்பா" என்றாள். அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. வேன் வாங்கியே ஆகவேண்டும்.

வெள்ளை வேன் ஒன்றைத் தொட்டுச்சொல்லி தொட்டுச் சொன்னார். மீட்டரில் இருபத்தெட்டாயிரம். டாக்டரம்மா வண்டியேதான். கடிகாரக்காரருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம் திருப்பித் தேதி பார்க்காமல் கீழே வைக்கமாட்டார்.

"கடல் கிலோமீட்டரைக் குடிக்குமா?"

"கர்மத்தைக் கரைக்குதாம். அதுல கிலோமீட்டரும் சேர்த்தி."

"அப்போ துருவை மட்டும் ஏன் குடிக்கல? கதவுக்கு அடியில பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கு எதுலயும் நம்பிக்கையே கிடையாது!"

"பொண்ணை உக்கார வெக்கப் போற வண்டிங்க. கல்லூரி இறக்கத்துல பிரேக் பிடிக்கலன்னா உங்க ஐயா வந்து கை குடுத்து நிறுத்துவாரா?"

கடிகாரக்காரருக்குக் கோபம் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவரும் செய்தார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து வந்து சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போனார்கள். கையெழுத்துப் போட்டு வேனை எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி. முதலாளி பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா," என்றார் மனைவி, அத்தனை பணிவாக. "வெளியில இன்னொரு வேன் பார்த்திருக்கோம். எதை எடுக்கிறதுன்னு குழப்பமா இருக்கு. அதையும் ஒரு தடவை தொட்டுச் சொல்லிட்டீங்கன்னா..."

தொட்டால் காணிக்கை உண்டே! ஐயா உடனே எழுந்தார். கூட்டமும் பின்னாலேயே கிளம்பியது.

வாசலில் ஒரு வேன் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. ஸ்டியரிங் முன்னால் ஒரு துண்டு போட்டு மீட்டரை மூடியிருந்தது.

"அது எதுக்கும்மா துண்டு?"

"மீட்டர் கண்ணுல பட்டா உங்க கை சக்திக்கு இடைஞ்சல் ஆகிடக்கூடாதுன்னுதான் ஐயா."

கூட்டம் மெச்சியது. என்ன பக்தி! ஐயா உறையைக் கழற்றினார். கை வைத்தார். குலுங்கினார். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே குலுங்கினார்.

"கடல் தாண்டி வந்தது. ஒரே ஓனர். வயசான டாக்டர்..."

"அம்மாவா ஐயா?"

"அம்மாதான். நாப்பதாயிரம் தாண்டாது. நல்ல வண்டி, ஆனா உங்க ராசிக்கு அந்த வெள்ளைதான் பொருந்தும்."

வேனின் மறுபக்கத்திலிருந்து ஒரு ஆள் இறங்கினான். சட்டையெல்லாம் மாவு.

"நான்தாங்க அந்த வயசான டாக்டரம்மா," என்றான்.

மனைவியின் தம்பி. ரொட்டிக் கடை வைத்திருப்பவன். இந்த வேனைப் புதிதாக உள்ளூரிலேயே வாங்கி, விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி போடுகிறவன். துண்டை எடுத்தான். மூன்று லட்சத்துச் சொச்சம். அந்த வேன் பார்த்த பெரிய தண்ணீர், காலையில் அவன் ஊற்றிய வாளித் தண்ணீர்தான்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார். ஐயா லேசுப்பட்டவரா?

"மீட்டர் பொய் சொல்லுது! எவனோ திருப்பி வெச்சிருக்கான்!"

"ஓகோ," என்றார் மனைவி. "மீட்டரைத் திருப்ப முடியுமா ஐயா?"

"பேஷா முடியும்! அஞ்சு நிமிஷ வேலை!"

"அப்போ உள்ள நிக்கிற வெள்ளை வேன்ல கடல் குடிச்சுதா, இல்ல யாராவது அந்த அஞ்சு நிமிஷ வேலையைப் பார்த்தாங்களா?"

ஐயாவின் வாய் திறந்தது, மூடியது. முதலாளி திறந்த பேனாவை மூடினார், மூடிய பேனாவைத் திறந்தார்.

கடிகாரக்காரருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. கடிகாரத்தின் முள்ளைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் திருப்புவதுதான் அவர் பிழைப்பே. மணியை ஏழிலிருந்து மூன்றாக்க எந்தக் கடலையும் அவர் கூப்பிட்டதில்லை. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தும் இது உறைக்கவில்லையே என்று வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

அதற்குள் மகள் நாற்காலியை வெள்ளை வேன் பக்கம் உருட்டிப்போய், அதில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணைப் பார்த்து போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கப்பல்ல இருந்து இறக்கும்போதே துறைமுகத்துல மீட்டரைப் பார்த்துப் பதிவு பண்றாங்க. எண்ணைப் போட்டா யாரு வேணும்னாலும் பார்க்கலாம். இந்த வேன் இறங்கும்போது ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

"அப்படின்னா?"

"கடல் ஒரு சொட்டுக் கிலோமீட்டர்கூடக் குடிக்கலப்பா. இங்க வந்தப்புறம்தான் யாரோ குடிச்சிருக்காங்க. அதுமட்டுமில்ல, பழைய விவரமும் அதே பதிவுல இருக்கு. இது வாடகைக் கம்பெனி வண்டி. முன்னாடி ஒரு தடவை நல்லா அடிவாங்கியிருக்கு."

கடிகாரக்காரர் ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு ஓரம் கிழிந்தே போயிருந்தது. போன வாரமும் இதே மிதிதான். அவர்தான் ஐயாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுலயா என் பொண்ணை உக்கார வெக்கச் சொன்னே?" ஐயா பக்கம் திரும்பிக் கத்தினார். அவர் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "இதுலயா? அந்த இறக்கத்துல?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு போனை எடுத்துச் சேசிஸ் எண்ணைத் தேட ஆரம்பித்தார்கள். "ஐயோ, என் வண்டி டாக்சிய்யா!" என்று ஒரு அலறல். "என்னோடது வெள்ளத்துல மூழ்கினதாம்!" என்று இன்னொன்று. முதலாளியின் சட்டையைப் பத்துக் கைகள் பிடித்தன. தொட்டுச்சொல்லி ஐயா எதையும் தொடாமல், யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாக நழுவினார். அவசரத்தில் உறையைக்கூட மாட்டவில்லை. சக்தியெல்லாம் வழி நெடுக ஆவியாகியிருக்கும், பாவம்.

அவர் பின்னாலேயே ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடினான். அடிக்கத்தான் ஓடுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ஐயா, ஐயா! போறதுக்கு முன்னாடி என் வண்டியை மட்டும் ஒரு தடவை தொட்டுட்டுப் போயிடுங்களேன்!"

கடிகாரக்காரர் பிறகு வேறொரு இடத்தில் ஒரு வேன் வாங்கினார். ஒன்றரை லட்சம் ஓடியது. மீட்டரும் அதையே சொல்லியது, பதிவும் அதையே சொல்லியது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறது என்றார். மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

மீட்டரைத் திருப்புகிறவன் ஊருக்கு ஊர் இருப்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவன் தொழில். கடல் குடித்துவிட்டது என்று அவன் சொல்லும்போது தலையாட்டுகிறோமே, நம் தொழில் என்ன? கழுத்துக்கு மேலே ஒரு வண்டி எல்லோருக்கும் இலவசமாகவே கிடைத்திருக்கிறது. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டினாலும் தேயாத வண்டி அது ஒன்றுதான். பாதிப் பேர் அதைப் பூட்டியே வைத்திருக்கிறீர்கள். வெளியே எடுத்துக் கொஞ்சம் ஓட்டித்தான் பாருங்களேன்!