ரேஷன் கார்டு எம்.பி.பி.எஸ்.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களிலேயே உருப்படாமல் போவதற்கு அதிகத் தகுதி இருந்தவன் ரேஷன் கார்டுதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அப்படிப்பட்டவன்மேல் எனக்கு இத்தனை வருடமாக வயிற்றெரிச்சல் தீரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை அவன் அப்பாவையே அப்படி அனுப்பிவிட்டார்.

பெயர் வந்த கதை இது. மூன்றாம் வருடத்தில் எங்களை வார்டுக்கு அனுப்புவார்கள். நோயாளியிடம் விசாரித்து, தொட்டுத் தட்டிப் பார்த்து, கேஸ் ஷீட் எழுதி யூனிட் சீஃபிடம் நீட்ட வேண்டும். அன்றைக்கு எங்கள் ஆறு பேருக்கும் கிடைத்தவர் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி. இரண்டு மாதமாக விடாத இருமல். நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, டி.பி.யாக இருக்கலாம், ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று முடித்தோம். இவன் நாலு பக்கம் எழுதியிருந்தான். முதல் வரியில் இருமல். அதற்குப் பிறகு அந்த ஆளின் மனைவி, வள்ளியூரில் இருக்கும் மாமியார், பிள்ளைகள் படிக்கும் வகுப்பு, வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, அடுப்பு விறகா மண்ணெண்ணெயா என்று போய்க்கொண்டே இருந்தது.

சீஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதெந்தாடோ? கேஸ் ஷீட்டோ, ரேஷன் கார்டோ?"

வார்டே சிரித்தது. சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அடுத்து என் ஷீட்டைத்தான் எடுப்பார் என்கிற பயம்.

"சார், நாலாம் பக்கம் கடைசி வரி மட்டும் வாசிங்க சார்" என்றான் இவன். அதில், இந்த ஆள் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் வற்றல் குடோனில் மூட்டைகளுக்கு மேலேயே படுத்துத் தூங்குகிறார், ஊருக்குப் போனால் இருமல் இருப்பதில்லை என்று எழுதியிருந்தது. சீஃப் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"யாருடெ குடோனாடோ?" என்று கேட்டார். இவன் கடையின் பெயரைச் சொன்னான். அது என் அப்பாவின் கடை.

கட்டிலில் கிடந்த அந்த மனிதரை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர். அவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்று மார்பைத் தட்டிப் பார்த்தபோதும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே அந்த ஆளுக்கு மாடியறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அந்தப் பய யாருலே? ஒரு நாளு சாப்பிடக் கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு போனேன். புத்தி கெட்டுப் போய்ச் செய்த காரியம். அதற்குப் பிறகு நான் எப்போது வீட்டுக்குப் போனாலும் அப்பா முதலில் கேட்பது "அந்தப் பய எப்படி இருக்கான்?" என்றுதான். அனாட்டமியில் கல்லூரியிலேயே இரண்டாவது மதிப்பெண் வாங்கியவன் நான். அதைப் பற்றி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இறுதிப் பரீட்சைக்கு வருகிறேன். பரீட்சைக்கு உட்கார வைக்கும் நோயாளிகளுக்குத் தங்கள் நோய் எங்களைவிட நன்றாகத் தெரியும். நாலைந்து வருடம் பரீட்சைக்கு வந்து பழகியவர்கள். மனசுக்குப் பிடித்த மாணவனுக்கு மெல்லச் சொல்லியும் கொடுப்பார்கள். எனக்கு வந்தது பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. நம்மவர்தான், தமிழ்தான். ஆனால் எக்ஸாமினர் காதில் விழட்டும் என்று நான் சுத்தமான மலையாளத்தில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். அந்த அம்மா "வேதன உண்டு" என்பதோடு வாயை மூடிக்கொண்டார். எனக்கு அவர் வயிற்றில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அதே அம்மாவிடம் ரேஷன் கார்டை அனுப்பினார்கள். அவன் போய் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "எந்த பஸ்ஸுல வந்தீய? வீட்டுல இப்ப சோறு யாரு வைப்பா?" என்று. பத்து நிமிஷத்தில் அந்த அம்மா அவன் கையைப் பிடித்துத் தன் இடது விலாவுக்குக் கீழே வைத்து, "இங்கன அமுக்கு தம்பி. மண்ணீரல். நாலு விரக்கட வீங்கியிருக்குன்னு பெரிய டாக்டரு சொன்னாரு" என்றாராம்.

நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எக்ஸாமினர் அவனைக் கேட்டிருக்கிறார். "கரெக்ட். தான் எங்ஙனெ கண்டுபிடிச்சு?"

"கண்டுபிடிக்கல சார். அவங்களே சொன்னாங்க."

இப்படி ஒரு பதிலைச் சொன்ன மாணவன் பாஸாகக் கூடாது. நான் எக்ஸாமினராக இருந்திருந்தால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பேன். அவனுக்கு மெடிசினில் என்னைவிடப் பதினெட்டு மார்க் அதிகம்.

அடுத்தது மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. அந்த நாளில் ஹாஸ்டலில் நாங்கள் எந்த நோய்க்கும் பயப்படவில்லை. ஒரு சொல்லுக்குத்தான் நடுங்கினோம். 'வெறும்.' வெறும் எம்.பி.பி.எஸ். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் குழம்பை விட்டுக்கொண்டே, "வெறும் எம்.பி.பி.எஸ். மாத்திரமா?" என்பார். இருதயம் பார்ப்பவனுக்குப் பெண் கிடைக்கும். கண் பார்ப்பவனுக்கும் எலும்பு பார்ப்பவனுக்கும் கிடைக்கும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, லீவு சர்டிபிகேட் என்று தெருவில் போர்டு மாட்டி உட்கார்ந்தவனுக்குப் பெண் பார்க்கப் போகும் தரகரே இடைவழியில் இறங்கிவிடுவார். எனக்கு அப்போது பெண் பேசியிருந்தார்கள். சீட் கிடைத்த பிறகு நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

பழைய கேள்வித்தாள்களைச் சேர்ந்து படிப்போம். நான் சத்தமாக வாசிப்பேன்: "நாற்பத்தைந்து வயது ஆண், இடது நெஞ்சில் வலி, அடுத்து என்ன செய்ய வேண்டும்?" கீழே நாலு விடை இருக்கும். ரேஷன் கார்டு யோசித்துவிட்டு, "கூட யாரு வந்திருக்கா?" என்பான்.

"லே, அது ஆப்ஷன்ல இல்ல."

"ஆப்ஷன்ல இல்லன்னா ஆளு தன்னந்தனியாவா வந்தாரு? நெஞ்சு வலியோட? பாவம்டே."

இந்த லட்சணத்தில் படித்தவனுக்கு ரேங்க் என்னைவிட ஒன்று முன்னால்.

சீட் ஒதுக்கும் நாளில் நான் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரேடியாலஜியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட். அவன் எழுந்து மேஜைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, அவன் படியில் இடறி விழ வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவன் விழவில்லை. மேஜையில் இருந்தவரிடம் ஏதோ சொன்னான், கையெழுத்துப் போட்டான், வெளியே போய்விட்டான். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ரேடியாலஜி அப்படியே இருந்தது. அவன் எதையுமே எடுக்கவில்லை.

எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டான் என்றே நான் நம்பினேன். ஆறேழு வருடம் அந்த நம்பிக்கையிலேயே இருந்தேன். அவன் தியாகி, நான் பாவி. அதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"எனக்காகத்தானடே அன்னிக்கு எடுக்காம போன?"

அவன் கண்ணை விரித்துப் பார்த்தான். "நீ பின்னால இருந்தியா?"

பிறகு அவனே சொன்னான். "ரேடியாலஜில எனக்கு என்னடே ஜோலி? இருட்டு ரூம்ல ஆள மல்லாக்கப் படுக்கப் போட்டு, மூச்சப் பிடிங்க, மூச்ச விடுங்க. நாள் பூரா இந்த ரெண்டு பேச்சுதானே?"

என் உத்தியோகத்தை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. நான் தவம் கிடந்து வாங்கிய ஒன்றை, யாருக்கும் கொடுப்பதாகக்கூட நினைக்காமல் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சீட் வேண்டாம் என்று போனவன் ஆரியசாலையில் ஒரு வெல்ல மண்டிக்கு மேல் மாடியில் கிளினிக் போட்டு உட்கார்ந்தான். படியெல்லாம் எறும்பு. அங்கே வரும் சர்க்கரை நோயாளிகளால்தான் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு சீட்டு என்பது அவனிடம் கிடையாது. வீட்டுக்கு ஒரு நோட்டு. அதோடு ஒரு கிறுக்குச் சட்டமும் வைத்திருந்தான். சாதாரணக் காய்ச்சலுக்குத் தனியாக வரலாம். பிரஷர், சர்க்கரை, அதற்கு மேலே எதுவானாலும் வீட்டு ஆள் ஒருவர் கூட இல்லாமல் வாய் திறக்க மாட்டான்.

வீடே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தம்பானூர் ஹோட்டல்களில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் குடும்பமெல்லாம் தென்காசியிலும் நாங்குநேரியிலும் இருக்கும். ஒரு சப்ளையர் பிரஷருக்காகப் பரோட்டா மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"ஒரே ரூம்தான் சாரே. இவன் குறட்டையில எனக்கு நாலு வருஷமா உறக்கம் இல்ல."

"அப்ப நீங்கதான் வீட்டு ஆளு. இருங்க. குறட்டை எப்படி, நடுவுல மூச்சு நிக்குமா?"

மாஸ்டர் அரை மணி நேரம் சொன்னார். லாட்ஜின் அந்த அறையில் இருந்த ஏழு பேருக்கும் ஒரு நோட்டு போட்டு, மாஸ்டரைக் குடும்பத் தலைவராக எழுதினான். அதற்குப் பிறகு அந்த சப்ளையர் ஊறுகாய்ப் பாட்டிலைத் தொட்டால் அடுப்படியிலிருந்து சட்டுவம் பறந்து வருமாம். ஆரியசாலைத் தெருவில் அவன் நடந்து போனால் கடைக்குக் கடை எழுந்து நிற்பார்கள். என்னிடம் வந்தவர்கள் எல்லாம் இருட்டில் மல்லாந்து படுத்திருந்தவர்கள். வெளியே வெளிச்சத்தில் பார்த்தால் என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியாது.

இப்படி இருக்கையில் அப்பா மெலிய ஆரம்பித்தார். சிறுநீரில் ரத்தம் என்று ஒருநாள் அம்மாதான் சொன்னாள். நானே ஸ்கேன் பண்ணினேன். மூச்சப் பிடிங்கப்பா, விடுங்கப்பா என்றேன். இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தது. நல்ல கட்டி இல்லை. தினமும் பத்துப் பேருக்கு ரிப்போர்ட் எழுதுகிற எனக்கு, "சின்னதா ஒண்ணு இருக்கு, பாத்துக்கலாம்" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் என்று என் தம்பி பேச்செடுத்தபோது, முடியாது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நாள் கடத்தக்கூடிய கட்டி இல்லை அது.

மூன்றாம் நாள் நான் வேலையில் இருக்கும்போது அவரே எனக்கு போன் பண்ணினார்.

"ஏலே, ஃபிலிம எடுத்துட்டு அந்தப் பயட்டப் போனேன். வீட்டு ஆளு இல்லாம பேச மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டான். நீ வா."

எரிந்துகொண்டு போனேன். ரேடியாலஜிஸ்ட் நான், ஃபிலிம் என்னுடையது, அப்பா என்னுடையவர். நான் வெல்ல மண்டி மாடியில் பெஞ்சில் எறும்புக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன்.

ரேஷன் கார்டு ஃபிலிமை உயர்த்திப் பார்த்தான். கீழே வைத்தான்.

"பெரியப்பா, எடது பக்கத்துக் கிட்னில கட்டி. புத்துநோயாத்தான் இருக்கும். வெளிய பரவுன மாதிரி தெரியல. கிட்னியோட எடுத்துரணும். இன்னொண்ணு நல்லா இருக்கு, அது போதும். இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சது ஒங்க மகன்தான்."

நான் மூன்று நாளாகச் சொல்ல முடியாததை அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அப்பா தலையாட்டினார். "சரி தம்பி, எடுத்துருவோம்" என்றார், வேண்டாத மூட்டையைக் கடையிலிருந்து இறக்கச் சொல்வதைப் போல. எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே அழுகை எதற்காக வந்தது என்று தெரியவில்லை.

அப்பா எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, நான் பக்கத்திலேயே இருப்பதை மறந்தவர் போல அவனிடம் சொன்னார்.

"நான் வந்தது அதுக்கில்ல தம்பி. இவன் மூணு நாளா என் மூஞ்சிய நேராப் பாக்க மாட்டேங்கான். சோறு எறங்கல, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கான். இவன் பயந்து போயிருக்கான். இவனுக்குத்தான் ஏதாவது பாக்கணும். வீட்டு ஆளா நான் இருக்கேன், நீ கேளு."

ரேஷன் கார்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"எப்பலேருந்துடே ஒறக்கம் இல்ல?"

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நாலாம் மாதம் அவர் கடைக்குப் போனார் என்பதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நான் பேசினேன். ஸ்கேன் மெஷினில் அந்தக் கட்டியைப் பார்த்த நிமிஷத்தில் ஆரம்பித்து, அவனிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வரைக்கும், அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். படியில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவன் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் இத்தனை வருடப் பழக்கத்தில், அந்த முக்கால் மணி நேரம் மட்டும் அவன்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை.