ஓட்டை போட்ட டிஸ்க்

மனைவியிடம் ஒரு கணவன் எதை எதையோ மறைப்பான். சிலர் சம்பளத்தை மறைப்பார்கள், சிலர் சர்க்கரை வியாதியை மறைப்பார்கள். நான் மறைத்தது இரண்டு இரும்புத் தட்டுகளை.

என் பெயர் ஜெஃப்ரி. வெலிங்டன் ராணுவ ஸ்டோர்ஸில் கிளார்க். வாரம் முழுக்க என் கார் குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் நடுவே டிபன் பாக்ஸ் சுமக்கும் சாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, கோயமுத்தூர் ரேஸ் ட்ராக்கில் இறக்கினால் அது புலி. அன்றைக்கு நானும் புலி. மற்ற நாட்களில் வீட்டில் நான் என்ன என்று கேட்காதீர்கள்.

போன மாதம் புலிக்கு நடுக்கம் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறியது. குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் பட்டறை வைத்திருக்கும் நஞ்சப்பன் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பிரேக் டிஸ்க் ரெண்டும் போச்சு சார். மாத்தணும். மூணு தினுசு வருது. பிளெயின், கோடு போட்டது, ஓட்டை போட்டது."

"ஓட்டை போட்டது போடுங்க."

"வேணாம் சார். மலை எறங்கறப்ப காயும், ஆறும், மறுபடி காயும். அந்த ஓட்டையில இருந்துதான் வெடிப்பு ஓடும். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே காருன்னா பிளெயின்தான் நல்லது."

எனக்கும் தெரியும். ஆனால் ட்ராக்கில் காரை நிறுத்தினால் சக்கரத்தின் இடுக்கு வழியே அந்த ஓட்டைகள் தெரியும். அங்கே வருகிற ஆண்களுக்கு அது மீசை மாதிரி. நான் மட்டும் எத்தனை நாள் மழித்த முகத்தோடு நிற்பது?

கெஸியாவிடம் பேச்சை மெதுவாக ஆரம்பித்தேன். கெஸியா என் மனைவி. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர்.

"ஓட்டை எதுக்குங்க?" என்றாள்.

"சூடு வெளிய போறதுக்கு."

"சூட்டை வாங்கிக்கிறது இரும்புங்களா, ஓட்டைங்களா?"

"இரும்புதான்."

"அந்த இரும்பைத் தோண்டி எடுத்துட்டா சூட்டை எங்கீங்க வெப்பீங்க?"

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

"பிளெயினே போடுங்க. எங்கம்மா உக்கார்ற காரு. பிளெயின்தான் போடுவேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னேன். சொல்லிவிட்டு மறுநாளே ஓட்டை போட்ட டிஸ்க் இரண்டை வரவழைத்து, நேராக நஞ்சப்பன் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினேன்.

இனி மறைக்க வேண்டும். காரில் இருந்த ஸ்டைலான அலாய் சக்கரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். பரணில் கிடந்த பழைய இரும்புச் சக்கரங்களை இறக்கினேன். அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கப்பை அழுத்திவிட்டால் பரம்பொருளுக்கே உள்ளே என்ன என்று தெரியாது. ட்ராக்கில் போய்க் கப்பைக் கழற்றிக்கொண்டால் போதும்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் அலாய் வேணாம், கெட்டுப்போயிரும்" என்றேன்.

"நல்லதுங்க" என்றாள் கெஸியா. பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு லேசாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நான் போவதற்குள் நஞ்சப்பன் எல்லாவற்றையும் மாட்டி, வீல் கப்பும் போட்டுத் தயாராக வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தனியாப் போனா பரவால்ல சார். ஆளேத்திட்டு மட்டும் மலை எறங்கிராதீங்க. அது வெடிக்கிறப்ப சொல்லிட்டு வெடிக்காது."

ஞாயிறு காலை ட்ராக். சனிக்கிழமையே தனியாகக் கிளம்பிவிடுவதாகத் திட்டம். ஆள் ஏற்ற எனக்கென்ன பைத்தியமா? சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"ஏனுங்க, நாளைக்கு ஜூடித் ஊட்டுல புது வீட்டு ஜெபம். நானும் அம்மாவும் உங்ககூடவே வர்றோம்" என்றாள் கெஸியா. ஜூடித் அவள் தங்கை. மேட்டுப்பாளையத்தில் வீடு கட்டியிருக்கிறாள்.

சிரிப்பு நின்றது.

"பஸ்ல போலாமே?"

"கோயமுத்தூர் போற வழிதானுங்களே மேட்டுப்பாளையம்?"

"காருல ஹீட்டர் வேலை செய்யல."

"மேட்டுப்பாளையத்துல ஹீட்டர் எதுக்குங்க?"

"அத்தைக்குக் கால் நீட்ட எடம் பத்தாது."

"அம்மா நாலே முக்கால் அடிங்க."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இந்த ஞாயிறு ட்ராக் இல்லை. இனி எந்த ஞாயிறும் இல்லை. திறந்த வாயில் ஒரு பஜ்ஜியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. பின்சீட்டில் கெஸியாவும் மாமியாரும். மடியில் கேக். குன்னூரைத் தாண்டியதும் ரோடு கீழே சரிந்தது.

வழக்கமாக நான் எப்படி இறங்குவேன் என்றால், வளைவு வரை ஆக்சிலரேட்டரை மிதித்து, வளைவில் பிரேக்கைக் குத்தி, மறுபடி மிதித்து இறங்குவேன். அன்றைக்கு இரண்டாவது கியரைப் போட்டவன் கையையே எடுக்கவில்லை. பிரேக்கின் மேல் கால் வைக்கவே பயமாக இருந்தது. தொட்டால் சூடாகும். சூடானால் வெடிக்கும். இஞ்சின் ஊளையிட்டது. கார் ஊர்ந்தது.

"ஏனுங்க, வண்டில ஏதாச்சும் கோளாறுங்களா?"

"இல்லையே."

"பால் வண்டி நம்மளத் தாண்டிப் போகுது."

"போகட்டும். அவனுக்குப் பால் திரிஞ்சிரும்."

காட்டேரி என்ற ஊரைத் தாண்டியதும் பனி இறங்கியது. பின்னால் ஒரு அரசுப் பஸ் வந்து ஹாரனை விடாமல் அழுத்தியது. ஒதுங்கி வழிவிட்டேன். டிரைவர் கடக்கும்போது என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஜெபம் பதினோரு மணிக்குங்க. கொஞ்சம் மிதிங்க" என்றாள் கெஸியா. நான் மிதிக்கக் கூடாது என்று பதினோரு வருஷமாகச் சண்டை போட்டவள் கேட்கிறாள், மிதிங்க என்று!

"மெதுவாப் போனாத்தான் பத்திரம்."

"யாருங்க பேசறது?"

கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் கேக்கை அணைத்துக்கொண்டு நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை, வெறும் பனி. நாலு பேர் என் சக்கரத்தைப் பார்த்து விசிலடிக்க வேண்டும் என்பதற்காக இந்த இரண்டு பேரையும் பள்ளத்தின் ஓரமாக ஏற்றி வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கர்த்தரை வேண்டினேன். வேண்டும்போதும் இரண்டாவது கியரிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுத்த கொண்டை ஊசி வளைவில், எதிரே ஏறி வந்த லாரி அகலமாகத் திரும்பி என் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டது. வேறு வழியில்லை. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். முன்சக்கரத்தில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.

கார் நின்றது. லாரி கடந்தது.

"என்ன சத்தமுங்க அது?"

"குருவி."

"குருவி கிர்ருன்னு கத்துங்களா?"

"மலைக்குருவி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எப்படியோ பர்லியார் வரை உருட்டி, ஒரு பழக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

"ரெண்டு பேரும் எறங்குங்க."

"எதுக்குங்க?"

"கெஸியா, நான் பொய் சொல்லிட்டேன். பிளெயின் டிஸ்க் போடல. ஓட்டை போட்டதுதான் போட்டேன். உன்கிட்ட மறைக்கத்தான் இந்த வீல் கப்பு. ஆளேத்துனா வெடிக்கும்னு நஞ்சப்பன் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் பஸ்ல போயிருங்க. நான் எப்படியாச்சும் இதை ஓட்டிட்டு வர்றேன்."

கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை.

கெஸியா காரிலிருந்து இறங்கினாள். கேக் வெட்ட எடுத்து வந்த கத்தியின் பிடியால் முன்சக்கரத்து வீல் கப்பை நெம்பினாள். கழன்று விழுந்தது.

குனிந்து இரும்புச் சக்கரத்தின் துவாரம் வழியாகப் பார்த்தேன். உள்ளே டிஸ்க் வழவழவென்று மின்னியது. ஒரு ஓட்டைகூட இல்லை. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"பிளெயின்!"

"பிளெயின்தானுங்க. புதுசு, படியற வரைக்கும் கொஞ்சம் சத்தம் வருமாம். புதன்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நஞ்சப்பண்ணன் வந்திருந்தாரு. அவரு பொண்ணு ஜீவா என் கிளாஸ்தான். ஜீவாவப் பத்திக் கொஞ்ச நேரம் பேசினோம். உங்களப் பத்தி ரொம்ப நேரம் பேசினோம்."

"அப்ப அந்த ஓட்டை டிஸ்க்?"

"வாங்கின எடத்துக்கே திருப்பி அனுப்பியாச்சுங்க. ஆளேத்தாதீங்கன்னு அவரச் சொல்லச் சொன்னதும் நாந்தானுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெரிஞ்சுதான் வந்தியா? இவ்வளவு தூரம் உசுரக் கையில புடிச்சுட்டு ஓட்டினேனே, பின்னாடி உக்காந்து பாத்துட்டிருந்தியா?"

"நல்லாத்தானுங்க ஓட்டினீங்க. இந்த மலைல அம்மா வாந்தி எடுக்காம எறங்கறது இன்னைக்குத்தான் மொதத் தடவ."

மாமியார் ஆமோதித்துத் தலையாட்டினார். பழக்கடையில் மங்குஸ்தான் பேரம் பேசும் அளவுக்குத் தெம்பாக இருந்தார்.

"சரி. தப்பு என்னோடதுதான். நாளைக்கு ட்ராக்குக்குப் போகல" என்றேன். உள்ளே இருந்த புலி குப்புறப் படுத்தது.

"ஏனுங்க போகாம? போங்க. மனசாரத்தான் சொல்றேன். நீங்க மேசமேல வெச்சிருந்த ட்ராக் ஃபார்மக்கூட நானே மெயில்ல அனுப்பிட்டேன்."

என் காதையே நம்ப முடியவில்லை. இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றப் பார்த்தேன்! பழக்கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கெஸியா, நீ..."

"அதுல 'பக்கத்து சீட்டில் வருபவர்'னு ஒரு எடம் காலியா இருந்துச்சுங்க. சும்மா விடுவானேன்னு எழுதிட்டேன்."

"நீயா வர்றே?"

அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் மங்குஸ்தான் பையோடு வந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

"ஏனுங் மாப்ள, எனக்கு ஹெல்மெட்டு எடுத்து வெச்சுட்டீங்களா?"