சாம்பல் போட வேண்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றிய சம்பந்திக்கு

வேங்கிக்கால், திருவண்ணாமலை.
சித்திரை மாதம், 1987.

மரியாதைக்குரிய சம்பந்தி போளூர் சக்கரபாணி அவர்களுக்குக் கண்ணாயிரம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

என் கக்கூஸில் நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்கள். ஊற்றிக் கெடுத்துவிட்டு, அது நாறுகிறது என்று சொல்லி என் பேரனைப் போளூரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இரண்டும் அநியாயம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். இங்கு நானும் ஜோதியம்மாளும் சுகம். அங்கு சம்பந்தியம்மாள், மருமகள் சந்திரம்மாள், கைக்குழந்தை எல்லோரும் சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். உங்கள் சுகத்துக்கும் சேர்த்துத்தான் வேண்டினேன். கோபம் வேறு, மரியாதை வேறு.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ரோடு ரோலர் ஓட்டி ரிட்டயர் ஆனவனுக்கு ஜல்லி எது, மணல் எது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே மனை வாங்கியபோது சாக்கடை கிடையாது, தெருக்கோடியில் ஒரே ஒரு கைபம்பு. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தண்ணீரே ஊற்றாத கக்கூஸ் ஒன்றைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். அவர் படத்தில் கழுவுகிற தண்ணீருக்கு வழியே இல்லை. காகிதத்தால் துடைக்கிறவருக்கு அந்தக் கவலை எங்கிருந்து வரும்? அந்த வழியைக் கண்டுபிடித்தது நான். தரைக்கு மேலே இரண்டு தொட்டி. போய்விட்டு இரண்டு கை சாம்பல் போட்டு, நகர்ந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரும், குளித்த தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஜல்லிக் கால்வாயில் வடிந்து வாழைக்குப் போய்விடும். ஒரு தொட்டி நிரம்பினால் மூடிவிட்டு மற்றதற்கு மாற வேண்டும். வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது மண், மழை பெய்த மறுநாள் வாசம் அடிக்கிற மண். இதைக் கட்டிய பிறகு என் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகத் தெருவுக்குப் போனதில்லை.

கார்த்திகையில் சந்திரம்மாளுக்கு வளைகாப்பு வைத்து, தீபமும் பார்த்துவிட்டு அழைத்துப் போகலாம் என்று பரிவாரத்தோடு வந்தீர்கள். சந்தோஷம். பந்தியில் உட்கார்ந்து, ரசம் வரும் நேரத்தில், "இலை நல்லா அகலமா இருக்குதே சம்மந்தி, என்னா எரு போடறீங்க?" என்று கேட்டது நீங்கள். நான் பொய் சொல்லிப் பழகாதவன். "நம்ம வீட்டு எருதாங்க, போன வருஷத்துத் தொட்டி" என்று சொல்லி, எப்படி மக்குகிறது என்பதையும் விவரமாகச் சொன்னேன். உங்கள் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. பாயசம் அண்டாவோடு நின்றது. மறுநாளும் நாங்கள் அதையேதான் குடித்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். கதவில் கொட்டை எழுத்தில் 'தண்ணீர் ஊற்றாதே, சாம்பல் போடு' என்று எழுதி வைத்திருந்தேன். உங்கள் அக்கா பச்சையம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பாவம், தண்ணிக்கு ரொம்ப கஷ்டப்படறாங்க போல. வந்த எடத்துல நாமதான் நாகரிகமா நடந்துக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். உடனே உங்கள் ஜனம் அத்தனை பேரும் கைபம்பில் வரிசையாக நின்று அடித்து, ஆளுக்கு இரண்டு வாளி கொண்டுவந்து என் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். நீங்கள் வீட்டுக்குப் பெரியவர் என்று மூன்று வாளி. சரி, சாம்பலாவது போட்டார்களா? கதவு ஓரம் தொங்கிய கூடையைப் பார்த்து, அண்ணாமலையார் ஊரில் கூடை நிறைய விபூதி என்று பச்சையம்மாள் நெற்றி நிறையப் பூசி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பூசிவிட்டு, மிச்சத்தைப் போளூருக்கு முந்தானையில் முடிந்துகொண்டார். அது சுத்தமான வரட்டிச் சாம்பல், பூசியதில் குற்றமில்லை. கூடை முழுவதும் நெற்றிக்கே போய்விட்டால் தொட்டிக்கு நான் எதைப் போடுவது?

பொழுது சாய்வதற்குள் தெருவே மூக்கைப் பிடித்தது. நீங்கள் பஸ் ஸ்டாண்டில், கண்டக்டராக இருக்கிற என் மகன் தசரதனை அவன் பஸ்ஸிலேயே நிறுத்தி, பயணிகள் கேட்கச் சொன்னீர்கள்: "பொறக்கப்போற எம் பேரப்புள்ள இந்த நாத்தத்துல வளர வேணாம். தண்ணி ஊத்தற கக்கூஸ் கட்டுங்க, அப்பறம் பொண்ண அனுப்பறேன்." பேரன் பிறந்து மூன்றாம் மாதமும் முடிந்தது. அழைத்துவரப் போன தசரதன் தனியாகத் திரும்பி வந்து, "பேசாம ஒரு பீங்கான் வெச்சிடலாம்பா" என்றான். ஜோதியம்மாள், "உங்க தொட்டிய மடியில வெச்சி கொஞ்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவள் அழுதது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் இடிக்கவில்லை. தவிடு, சருகு, சாம்பல் என்று கொட்டிக் கொட்டித் தொட்டியைக் காயவைத்துவிட்டேன். இன்று அதன் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடலாம்.

ஆகவே நடக்க வேண்டியது இது. நீங்கள் முதல் பஸ்ஸில் வந்து, தொட்டியைத் திறந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தப்பு என்று சொல்ல வேண்டும். பச்சையம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு போன சாம்பலைத் திருப்பித் தர வேண்டும். நாறுகிறது என்று யார் யாரிடம் சொன்னாரோ, சம்பந்தியம்மாள் அவரவர் வீட்டுக்குப் போய் நாறவில்லை என்று சொல்ல வேண்டும். தசரதன் பீங்கான் பேச்சை விட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு சந்திரம்மாள் நல்ல நேரம் பார்த்துக் குழந்தையோடு வர வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், பேரனுக்கு முத்தம்.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சந்திரம்மாள் குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிறாள். உங்கள் கிணறு வற்றிவிட்டதாம், தண்ணீர் ஊற்றும் கக்கூஸைப் பலகை வைத்து மூடிவிட்டீர்களாம். நீங்கள் சொம்போடு ஏரிப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாளே பஸ் ஏற்றிவிட்டாராம். நான் சிரிக்கவில்லை. மேலே எழுதியதில் எதையும் யாரும் செய்ய வேண்டாம். பேரன் மடியில் இருக்கிறான், அதனால்தான் எழுத்து கோணுகிறது. அவன் துணியை அலசிய தண்ணீர் இப்போதுதான் வாழைக்குப் போனது. தசரதன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பச்சையம்மாளையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் அவன் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், மழை வரும் வரை இங்கேயே இருக்கலாம். பலகாரம், பழம் ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டில் ஆள் ஜாஸ்தியாகிறது, அடுப்புச் சாம்பல் இரண்டு மூட்டை போதும்.