ராஜகீழ்ப்பாக்கத்தில் கேப்டனுக்குத் துக்கம்

கர்த்தருக்குள் பிரியமான ரத்தினபாய் அக்காவுக்கு, தம்பி வேதசிரோமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவகிருபையால் இங்கே எல்லாரும் சுகம், ஷெர்வினைத் தவிர. அவனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

என் மகனுக்கு நீ பார்த்துச் சொன்ன படப்பைச் சம்பந்தம் கைநழுவிப் போகப் பார்க்கிறது அக்கா. ஷெர்வின் சின்ன வயதிலிருந்து டிவியில் ஒரு விண்வெளி சீரியல் பார்ப்பானே, என் வீட்டுக்காரி ஜெயசீலியும் கூடவே உட்கார்ந்து பார்த்து அந்த விண்கப்பல் கேப்டனைச் சொந்தத் தம்பியாகவே ஆக்கிவிட்டாள். அதை இப்போது துப்பாக்கியால் சுடுகிற கேமாக விட்டிருக்கிறார்கள். பெண் வீட்டார் வருகிற அன்றைக்கென்று இந்தக் கழுதை விடிந்ததும் அதைப் போட்டு உட்கார்ந்தான். முதல் சண்டையிலேயே கேப்டனைச் சாகடித்துவிட்டார்களாம். உலகம் பூராவும் விளையாடுகிறவர்கள் கொதித்துப்போய் ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டித் தீர்க்கிறார்கள், நம்ம பிள்ளையும் அதில் ஒருத்தன். "அநியாயமா கொன்னுட்டானுங்கம்மா!" என்று அவன் கத்த, ஜெயசீலி முந்தானையால் கண்ணைத் துடைக்க, அந்த நேரம் பார்த்துப் படப்பைக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். பெண்ணின் அப்பா ஜாய்சன் என் கையைப் பிடித்து, "யாருங்க தவறிட்டது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி, "கேப்டன்ங்க" என்றுவிட்டாள். மிலிட்டரியில் இருந்த உறவு என்று நினைத்தார்களோ என்னவோ, ஆறுதல் பாட்டு ஒன்று பாடி, முழங்கால் போட்டு, கேப்டனின் மனைவி பிள்ளைகளுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். நானும் ஆமென் போட்டேன், வேறென்ன செய்ய? துக்க வீட்டில் கல்யாணம் பேசக்கூடாதென்று கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். "வருஷம் திரும்பட்டும், பார்க்கலாங்க" என்கிறார் ஜாய்சன். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு வருஷம் நான் தாங்குவேனா? உண்மையைச் சொல்லலாமென்றால், ஜெபித்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது? வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நீதான் பக்குவமாகப் பேசிச் சரிசெய்ய வேண்டும்.

அத்தானின் முழங்கால் வலிக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். உங்கள் வீட்டில் சமாதானம் நிலைக்கட்டும்.

அன்புத் தம்பி,
வேதசிரோமணி

பி.கு.: அக்கா, நீ ஒன்றும் பேச வேண்டாம். பெண் பிளஸ்ஸியே ஷெர்வினிடம் துக்கம் விசாரிக்கப் போன் பண்ணினாள். இவன் உண்மையை உளறிவிட்டான். அவளும் அதே கேம்தான் ஆடுகிறாளாம், ஐந்து ஸ்டார் போட்டாளாம்! "கேப்டன் செத்தாதான் கதையே! உங்களுக்கு ரசனையே இல்ல" என்கிறாள். "உனக்கு மனசாட்சியே இல்ல" என்கிறான் இவன். காலையில் பிடித்த சண்டை, சோறு ஆறிப்போயும் ஓயவில்லை, ஆனால் இரண்டு பேரும் போனை வைக்கிறபாடில்லை. ஜெயசீலி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து, "இப்பவே புருஷன் பொண்டாட்டிச் சண்டைதாங்க நடக்குது, சர்ச்சுல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிடுங்க" என்கிறாள்.